ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும்

ஜாமீன் வழக்குகளைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டுச் சில மாதங்களாகிவிட்டன. தாமதத்துக்கு வயதைக் காரணம் சொல்லலாம். அது முழு உண்மையாக இராது. இவற்றையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியவர் உங்கள் சீனியர். அவர் என் மகன் என்பதால், அந்த வேலை மீண்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வக்கீல் அலுவலகங்கள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதுதான் வழக்கம். இங்கே அது எதிர்த்திசையில் நடந்துவிட்டது. எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் அவருடைய நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் என்னைவிட உயரம்.

சட்டப் பிரிவுகளை நான் எழுதப் போவதில்லை. புதிய சட்டங்கள் வந்தபோது, பழைய எண்களை மறப்பதற்கே நான் பெரும்பாடு பட்டேன். அந்த வகையில் நீங்கள் என்னைவிடத் தெளிவானவர்கள். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத சில இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொதுவான செய்தி. ஜாமீன் என்பது விடுதலை அல்ல, மன்னிப்பும் அல்ல. ஒருவன் குற்றம் செய்தானா இல்லையா என்பது குறித்து அது எதுவுமே சொல்வதில்லை. அழைத்தால் வருவான் என்ற உறுதிமொழி, அவ்வளவுதான். இதை அறியாதவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், தம் தம்பிக்கு ஜாமீன் கிடைத்த அன்று என் அலுவலகத்துக்கு லட்டு கொண்டுவந்தார். விசாரணை இனிமேல்தான் என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

வாகன வழக்குகளில், முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் பிரிவே பாதி விதியைத் தீர்மானித்துவிடுகிறது. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததாக எழுதினால் அது ஜாமீனில் விடத்தக்க குற்றம். காவல் நிலையத்திலேயே வெளியே வந்துவிடலாம். ஓட்டியவன் குடித்திருந்தான், உயிர் போகும் என்று தெரிந்தும் ஓட்டினான் என்று எழுதினால், அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். அமர்வு நீதிமன்றத்தின் படியேற வேண்டும். சாலையும் ஒன்று, சடலமும் ஒன்று. இடையில் இருப்பது ரத்தப் பரிசோதனையும், எழுதுகிறவரின் மனநிலையும்.

போதைப்பொருள் வழக்கில் எடைதான் முதல் கேள்வி. கஞ்சாவைப் பொறுத்தவரை ஒரு கிலோ வரை சிறு அளவு. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அங்கே ஜாமீனின் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே வாதாட இடமுண்டு. ஆனால் நம் பகுதியில் யாரும் எடையைக் கேட்பதில்லை. வார்த்தையை மட்டுமே கேட்கிறார்கள். அடிதடி வழக்கென்றால் ஜாமீன் நிற்க வரிசையில் வருகிறவர்கள், கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததும் வெளியூர் போய்விடுகிறார்கள். எங்கள் குமாஸ்தா இதை ஒருமுறை சுருக்கமாகச் சொன்னார்: "அடிதடின்னா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வாரான் சார். கஞ்சான்னா வேட்டிய இறக்கி விட்டுட்டு, கும்பிடு போட்டுட்டுப் போறான்."

நான் சொல்ல வந்த வழக்கில் வாகனம், கஞ்சா இரண்டும் சேர்ந்திருந்தன.

முருகேசன் ஒரு தீப்பெட்டி ஆலையில் வேன் ஓட்டுநர். குளத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு மானாவாரிக் கிராமம். அவனுடைய தம்பி கண்ணன் உப்பளத்தில் வேலை பார்த்தான், மணமாகாதவன். ஒரு மாலை இருவரும் மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்பும்போது, ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டி மோதியது. பின்னால் இருந்த கண்ணன் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தான். ஓட்டிய முருகேசனுக்கு வலத் தோள் எலும்பு முறிந்தது. அவன் ரத்தத்தில் மது இருந்தது. வண்டியின் பக்கவாட்டுப் பையில் ஒரு பொட்டலம் கஞ்சா இருந்தது. சிறு அளவிலும் சிறு அளவு. ஆனால் அந்தச் சொல் வழக்குக்குள் நுழைந்துவிட்டது. தம்பியை அடக்கம் செய்தபோது அண்ணன் மருத்துவமனைக் கட்டிலில் காவலோடு படுத்திருந்தான். அங்கிருந்து நேரே சிறைக்குக் கொண்டுசென்றார்கள்.

அவனோடு வேன் ஓட்டும் செல்வம் என்பவர்தான் எங்களைத் தேடி வந்தார். உங்கள் சீனியரும் நானும் சிறைக்குப் போய், மனுப் போட்டு அவனைப் பார்த்தோம். முருகேசன் தோளில் கட்டோடு வந்து நின்றான்.

"சாப்பிடுதியாப்பா?" என்று கேட்டேன்.

"சாப்பிடுதேன் சார்."

பின்னால் நின்ற வார்டர் குறுக்கிட்டார். "பொய் சொல்லுதான் சார். தட்டுல போட்டது போட்டபடி கிடக்கு. நல்லபடியா நாலு வார்த்தை பேசிட்டுப் போங்க. இவன் இருக்க இருப்பப் பாத்தா எங்களுக்கே பயமா இருக்கு."

அந்தப் பயம் எனக்கும் வந்தது. சிறையில் சாப்பிட மறுப்பவர்கள் பல வகை. கோபத்தில் மறுப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வெயில் இறங்கினால் பசி வந்துவிடும். இவனிடம் கோபமே இல்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னான். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் மனு எழுதும் வேகத்தைக் கூட்டுங்கள்.

பொட்டலத்தைப் பற்றி உங்கள் சீனியர் கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"கண்ணனோடது சார். அன்னைக்குச் சாயந்தரம் அவன் பையில பாத்துட்டேன். கன்னத்துல ஒண்ணு விட்டேன். பிடுங்கி வண்டிப் பையில போட்டேன், போற வழியில ஓடையில எறிஞ்சிரலாம்னு. அந்தக் கோவத்துலதான் நான் கடைக்குப் போனேன். அவன் வெளியவே நின்னான். நான் வெளிய வந்ததும், 'நான் ஓட்டுதேண்ணே, சாவியக் குடு'ன்னான். குடுக்கல."



"இதைக் கோர்ட்டில் சொன்னால் உனக்கு நல்லது" என்றார் உங்கள் சீனியர். "அந்தப் பொட்டலம் உன்னுடையது இல்லை என்பதுதான் உண்மையும்கூட."

அப்போதுதான் அவன் முதல்முறையாக நிமிர்ந்தான். "குடிச்சது நான். ஓட்டுனது நான். அதுக்கு என்ன வேணாலும் எழுதட்டும். கண்ணன் பேர அதுல இழுக்காதீங்க சார். எங்கய்யா காதுல அது விழக் கூடாது. விழுந்தா அவிய தாங்க மாட்டாக. எனக்குச் செஞ்சு குடுங்க சார்."

நாங்கள் செய்துகொடுத்தோம். மனுவில் ஒரு வரி சேர்த்திருந்தால் அது வலுவாக நின்றிருக்கும். அந்த வரியை விட்டுவிட்டு எழுதினோம். கட்சிக்காரன் சொன்ன ரகசியத்தைக் காப்பது சட்டம் நமக்கு விதித்த கடமை. அது எளிதான கடமை என்றுதான் தொழிலுக்கு வந்த புதிதில் தோன்றும். ரகசியம் கட்சிக்காரனுக்குப் பாதகமாக இருக்கும்போது அதைக் காப்பது எளிதுதான். அவனைக் காப்பாற்றக்கூடிய ரகசியத்தையே வெளியில் விடாதே என்று அவன் கேட்கும்போதுதான் கடினம்.

சிறு அளவு, முன்வழக்கு எதுவும் இல்லை, எலும்பு முறிவு, விசாரணை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று வாதிட்டோம். மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஜாமீன் தந்தது. இரு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும். வழக்கமாக எல்லா உத்தரவுகளிலும் வருகிற வாசகம்தான். படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். இந்த முறை போக முடியவில்லை.

இரண்டாவது ஜாமீன்தாரராகச் செல்வம் உடனே ஒப்புக்கொண்டார். ரத்த உறவுக்கு முருகேசனின் தாய்மாமனைக் கேட்டோம். எங்கள் குமாஸ்தாவின் கணிப்பு தவறவில்லை. "வெட்டுக் குத்துன்னா சொல்லுங்க அண்ணாச்சி, நாளைக்கே வந்து நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கேன்" என்றார் அவர். "கஞ்சாக் கேசுல எம் பேரு ஏறுனா, எம் பொண்ணப் பாக்க வாரவன் பஸ்ஸ விட்டு இறங்கவே மாட்டான்." மிஞ்சியவர் தந்தை அய்யாத்துரை. அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. செல்வம் நேரில் போய்ப் பேசியும் பயனில்லை.

ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையில் இருக்கும் மனிதர்களைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. நம் கணக்கில் அந்த வழக்கு முடிந்துவிட்டது. மனு அனுமதிக்கப்பட்டது என்று கோப்பில் எழுதிக் கட்டி வைத்துவிடுகிறோம். வெளியே வரலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு உள்ளே கழிகிற ஒவ்வொரு நாளும், அதற்கு முந்தைய நாட்களைவிடக் கனமானது. அங்கே நீதிபதி இல்லை, அரசு வழக்குரைஞர் இல்லை. தனக்காக யாரும் வரவில்லை என்பது மட்டுமே இருக்கிறது. சாப்பிட மறுக்கும் ஒருவனுக்கு அதைவிட மோசமான செய்தி வேறில்லை. உங்கள் சீனியர்தான் சொன்னார்: "நாமே போவோம்."

போனபோது அய்யாத்துரை உளுந்துக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் மழை. வரப்பிலிருந்து காட்டுக்குள் நாங்கள் கால் வைத்ததும் அவர் தலைநிமிராமலே சொன்னார்: "செருப்பக் கழத்திருங்க. கரிசல் விடாது."

கழற்றினோம். மனைவி பேச்சியம்மாள் சற்றுத் தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் தண்ணீர்த் தூக்கை எடுத்துவரப் போனார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"சார், நீங்க படிச்சவிய" என்றார் அய்யாத்துரை. "நான் கையெழுத்துப் போட்டா, அவன் செஞ்சது சரின்னு நானே சொன்ன மாதிரிதான?"

"இல்லை அண்ணாச்சி. கோர்ட்டு கூப்பிடும்போது வருவான் என்று மட்டும்தான் நீங்கள் சொல்கிறீர்கள். அவன் செய்தது சரியா தப்பா என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை."

"ஊரு கேக்கும். சின்னவன் வாழைக்குருத்து மாதிரி இருந்தான். இவன் டவுன்ல வண்டி ஓட்டப் போயி, கண்ட கழுதையையும் பழகிட்டு வந்து, கடைசியில அவனையும் கொண்டுபோயிப் பாலத்துல அடிச்சிட்டான். குடிச்சான், சரி. குடிக்காத பய எவன் இருக்கான். ஆனா அந்தப் பொட்டலம்?" அவர் நிமிர்ந்தார். கையில் பிடுங்கிய களையோடு என்னையே பார்த்தார். "நீங்க அவன்ட்ட பேசியிருப்பீங்க. உள்ளதச் சொல்லுங்க சார். அது யாருது?"

நான் பல நீதிபதிகளுக்கு முன்னால் தயங்காமல் பேசியவன். அந்தக் காட்டில் தயங்கினேன். உண்மையைச் சொன்னால் கையெழுத்து அங்கேயே கிடைக்கும். மகன் வெளியே வருவான். ஒருவேளை உயிரோடும் இருப்பான். ஆனால் அந்த உண்மை என்னுடையது அல்ல. அதன் உரிமையாளன், கம்பிக்குப் பின்னால் நின்று, ஒரேயொரு உதவியாக, சொல்லாதீர்கள் என்று கேட்டிருந்தான். தெரியாது என்று பொய் சொல்லவும் முடிந்திருக்கும். அதையும் செய்யவில்லை.

"அதை நான் சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றேன்.

அய்யாத்துரை என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து களை பிடுங்கத் தொடங்கினார். "அப்ப நீங்க போயிட்டு வாங்க" என்றார், மண்ணைப் பார்த்தபடி.

என் மௌனத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெரியவனுடையது என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் வக்கீல் மழுப்புகிறார் என்றுதான் நினைத்திருப்பார். கட்சிக்காரனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, அவனுடைய தகப்பனை அவனுக்கு இல்லாமல் ஆக்கிவிட்டேன். வண்டியில் திரும்பும்போது கண்ணாடிக்கு வெளியே கறுத்த நிலம் போய்க்கொண்டே இருந்தது. அந்த ரத்த உறவு நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடுவதுதான் அடுத்த வழி. அதற்கும் நாளாகும்.

உங்கள் சீனியர் அப்போதுதான் சொன்னார்: "அந்த அம்மா தண்ணீர் தரும்போது என்னிடம் ஒன்று கேட்டார்கள். 'நான் போட்டாச் செல்லுமா தம்பி? எம் பேர்ல நிலம் நீச்சு ஒண்ணும் கிடையாதே' என்று. செல்லும், ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். ரத்த உறவுக்குச் சொத்து வேண்டியதில்லை, உறவு போதும் என்பது அந்த நீதிமன்றத்தில் எங்களுக்குப் பழகிய நடைமுறை. ஆனாலும் எங்கள் அலுவலகம், செல்வம், அந்தக் குடும்பம் எல்லோருமே தந்தையின் கையெழுத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தோம். ஜாமீன் என்றதும் நிலத் தீர்வை ரசீது வைத்திருக்கும் ஆண்பிள்ளையின் முகம்தான் நம் மனதில் எழுகிறது. பெற்றவள் ரத்த உறவு என்பது, அவளே கேட்டபோதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

அடுத்த வேலைநாளில் பேச்சியம்மாள் தனியாகப் பேருந்தேறி வந்துவிட்டார். நடுவர் மன்றத் தாழ்வாரத்தில் சுவரோரம் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் நான் உறுதிமொழியின் பொருளை விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"அது கெடக்கட்டும் சார். ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கோங்க. அந்தச் சனியன் சின்னவனோடது. அவன் சட்டையத் துவைக்கும்போது நானே பாத்திருக்கேன். அடிச்சேன், அழுதேன், கால்ல விழுந்தேன். விட்டுட்டேன்மான்னான். பெரியவன் அதத் தொட மாட்டான். எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவிய காதுல மட்டும் போட்டுராதீங்க. சின்னவன்னா அவியளுக்கு உசிரு. செத்தவன் நல்லவனாவே இருந்துட்டுப் போகட்டும்."

உங்கள் சீனியர் அவரை உள்ளே பெஞ்சில் உட்கார வைக்க அழைத்துப் போனார். காகிதங்களைச் சரிபார்க்க ஜெராக்ஸ் கடைப்பக்கம் போன நான், அங்கே அய்யாத்துரை நிற்பதைக் கண்டேன். வெளுத்த சட்டை, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை.

மனைவியைத் தடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அண்ணாச்சி, அவர்கள் விருப்பப்பட்டுத்தான் வந்திருக்கிறார்கள்" என்றேன்.

"தெரியும். எனக்கு முந்துன பஸ்ல வந்தா. நான் அடுத்ததுல வந்தேன்." என்னை நிழலுக்கு அழைத்துப் போனார். "சார், அன்னைக்குக் காட்டுல கேட்டேன், நீங்க சொல்லல. அப்பமே எனக்குத் தூக்கம் போச்சு. யோசிச்சுப் பாத்தேன். அது பெரியவனோடதா இருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? 'செத்தவனோடது அண்ணாச்சி, உங்க பெரியவன் பாவம்'னு ஒரு வார்த்தையச் சொல்லிட்டு, கையோட என் கையெழுத்த வாங்கிட்டுப் போயிருப்பீங்க. செத்தவன் எந்திச்சு வந்து இல்லன்னா சொல்லப்போறான்? வக்கீலுக்கு அதுதான லேசு. நீங்க சொல்லல. சொல்லக் கூடாதுன்னு எவனோ உங்க வாயக் கட்டியிருக்கான். அவன் யாருக்காகக் கட்டுவான்?"

நான் கையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"நீங்க பேச வேண்டாம்" என்றார் அவர். கக்கத்துப் பையைத் தட்டிக் காட்டினார். "பையில தீர்வை ரசீது இருக்கு. நானும் நிக்கேன். அவ கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க. சின்னவன் மேல அவளுக்கு அப்படி ஒரு பாசம். தெரிஞ்சா உடைஞ்சு போயிருவா."

மௌனம் ஒன்றும் சொல்லாது என்று நம்பி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்திருக்கிறேன். அது எப்போதும் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. கேட்கிறவர் பழகிய முகங்களை வைத்து அதைப் படித்துவிடுகிறார். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நினைத்த இடத்தில், அந்த வாக்கு என்னையறியாமலே உடைந்திருந்தது. அது நல்லதற்கே உடைந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த நன்மையில் என் பங்கு எதுவுமில்லை.

செல்வம் அய்யாத்துரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அண்ணாச்சியே வந்தாச்சா? அப்ப எனக்கு இங்கன என்ன வேலை? சிவகாசி லோடு காத்துக் கெடக்கு" என்று சொல்லி, தம் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தாழ்வாரத்தில் பேச்சியம்மாள் கணவரைக் கண்டு எழுந்து நின்றார். "நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று மெல்லக் கேட்டார். "ரெண்டாவது ஆளு வேணும்னாக" என்றார் அவர். ஒரே பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் தெரிந்த ஒன்றை, ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் சீனியர் என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்தார். பேச்சியம்மாள் சொன்னதை அவர் கேட்டிருந்தார். அய்யாத்துரை சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். நீதிமன்ற வளாகத்துக்குள் என்னை ஒருபோதும் உறவு சொல்லி அழைக்காதவர், அன்று அழைத்தார்.

"அப்பா, ரெண்டு பேருக்கும் தெரியும். முருகேசனையும் சேர்த்தால் மூன்று பேருக்கும் தெரியும். சொல்லிவிடலாமே. ஒரு தடவை சேர்ந்து அழுதுவிட்டால் தீர்ந்துபோகும்."

"நம்மிடம் நம்பி ஒப்படைத்தது" என்றேன். "அதைத் திறக்க நாம் யார்?"

"திறந்துதான் கிடக்கிறது. நாம் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறோம்."

அவர் பெஞ்சை நோக்கி ஓரடி வைத்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த நேரத்தில் டவாலி முருகேசனின் வழக்கு எண்ணை அழைத்தார். எல்லோரும் உள்ளே போனோம்.

நடுவர் இருவரிடமும் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அழைக்கும்போதெல்லாம் வருவானா என்றார். "வருவான்யா" என்றார் பேச்சியம்மாள். "கூட்டிட்டு வாரேன்" என்றார் அய்யாத்துரை. இருவரும் கையெழுத்திட்டார்கள்.

மாலையில் சிறை வாசலில் முருகேசன் வெளியே வந்தபோது நாங்களும் அங்கே இருந்தோம். அவன் முதலில் தாயைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அய்யாத்துரை போய் அவன் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டார். "சாப்பிட்டியாலே?" என்றார். அவன் இல்லை என்று தலையசைத்தான். மூவரும் எதிரேயிருந்த கடைக்குள் போனார்கள். கண்ணாடிக்கு அப்பால், அவன் இடக்கையால் பிசைந்து உண்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது. நீங்கள்தான் இப்போது அதை நடத்துகிறீர்கள் என்பதால், இதை எழுதுவதற்கு முன் முருகேசனிடம் கேட்டேன். அலுவலகத்துக்குள் இருக்கட்டும் என்றான். அவன் வாய்தா தவறுவதில்லை. ஒவ்வொரு முறையும் தகப்பன் கூட வருகிறார்.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு விதியை உங்களுக்கு வகுத்துத் தர வேண்டும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஜாமீன்தாரரைத் தேடும்போது பெற்றவளை மறக்காதீர்கள். உத்தரவு கிடைத்ததும் கோப்பைக் கட்டாதீர்கள். எடையைப் பார்க்காமல் கஞ்சா என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள். இவற்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது. அந்தத் தாழ்வாரத்தில் நான் உங்கள் சீனியரைப் பிடித்து நிறுத்தியது சரிதானா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. சட்டப்படி சரி. அதற்கு அப்பால் எனக்குத் தெரியாது.

அவரிடமே அதைக் கேட்டிருக்கலாம். பிற்பாடு, அவருடைய கடைசி மாதங்களில், மருத்துவமனையில் எங்களுக்கு நிறைய நேரம் இருந்தது. மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னதை, அவரிடமும் தனியாகச் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் மழையைப் பற்றியும், வரவிருக்கும் வாய்தாக்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.